நீர்க்கரையில் நிற்பவரின் ஊதியம்

சென்ற ஆண்டு கோடை தொடங்குவதற்கு முன், நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கப் பொருளாளர் என்ற முறையில், நீச்சல் குளப் பராமரிப்புக்காக வந்த மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். பணி ஒன்றே, காலம் ஒன்றே. ஓர் உயிர்காப்பாளருக்கு மாதம் 24,000 ரூபாய், அனைத்து வரிகளும் உட்பட, என்று ஓர் ஒப்பந்ததாரர் குறிப்பிட்டிருந்தார். மற்ற இருவரும் அதைவிடக் கணிசமாக அதிகம் கேட்டிருந்தனர். குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம் என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கியில் கணக்குப் பார்த்து வரும் எனக்கு, அன்று அது கணக்காகவே தோன்றியது.

மே மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. குளத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருந்தனர். உயிர்காப்பாளரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அப்போது மோட்டார் அறையில் மறுநாளைக்கான குளோரின் கரைசலைத் தயாரித்துக் கொண்டிருந்தார். ஆழமான பகுதியில் ஒரு சிறுவன் தத்தளித்ததை, துண்டுடன் கரையில் அமர்ந்திருந்த ஒரு தாய் தற்செயலாகக் கவனித்தார். குளத்தில் இறங்கி அவனை இழுத்துக் கரையேற்றினார். சிறுவன் இருமினான், அழுதான், அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விட்டான். எதுவும் நடக்கவில்லை என்றே எல்லாரும் சொன்னோம்.

உயிர்காப்பாளரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும் என்று அன்றிரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கோரிக்கை எழுந்தது. அவரிடம் விளக்கம் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் அவர். ஊர்க் கிணறுகளில் நீந்தப் பழகியவர்.

"நாற்காலியை விட்டு ஏன் போனீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

"மருந்து போடுறதும் என் வேலைதான் சார். காலையில தரை தேய்க்கிறது, சாயங்காலம் மருந்து, நடுவுல நாற்காலி. ஒரு நாளும் லீவு கிடையாது" என்றார்.

எவரையும் குறை கூறும் தொனி அதில் இல்லை. கேட்ட கேள்விக்கான விடை மட்டுமே இருந்தது. முறையான பயிற்சி பெற்றதுண்டா என்று கேட்டபோது, நீந்தத் தெரியுமா என்று மட்டுமே தம்மிடம் கேட்கப்பட்டதாகச் சொன்னார். ஊதியம் கையில் ரொக்கமாகத் தரப்படுகிறது. எந்தத் தேதியில் வரும் என்பது நிச்சயமில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் எதுவும் அவருக்குத் தெரியாது. அன்றிரவு நான் கையொப்பமிட்ட கோப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இக்கட்டுரை அந்தக் கோப்பிலிருந்து பிறந்தது.

குளங்களின் நகரம்

இந்திய நீச்சலின் தலைநகரம் என்று பெங்களூரைச் சொல்வது மிகையாகாது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நீந்திய நிஷா மில்லட், 2004இல் ஏதென்ஸ் சென்ற ஷிகா தாண்டன், டோக்கியோவிலும் பாரிஸிலும் பங்கேற்ற ஸ்ரீஹரி நடராஜ், 14 வயதிலேயே பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட தினிதி தேசிங்கு ஆகியோர் இந்நகரின் குளங்களில் உருவானவர்கள். பசவனகுடி நீச்சல் மையமும், சதாசிவநகரின் கே.சி. ரெட்டி நீச்சல் குளமும் விளையாட்டு ஆர்வலர்கள் நன்கறிந்த பெயர்கள். நிஷா மில்லட் ஐந்து வயதில் நீரில் மூழ்கவிருந்து தப்பியவர் என்பதும், அந்த அச்சத்தைப் போக்குவதற்காகவே அவருக்கு நீச்சல் கற்பிக்கப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

இன்று இந்நகரின் பெரும்பாலான பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு நீச்சல் குளம் உண்டு. வீடு வாங்குவதற்கான கடன் விண்ணப்பத்துடன் வரும் வண்ணக் கையேடுகளில் முதற்பக்கத்தை அலங்கரிப்பது பெரும்பாலும் அந்த நீல நிறக் குளந்தான். குளத்தைக் கட்டுவதற்கான செலவு வீட்டின் விலையில் ஒரு முறை அடங்கிவிடுகிறது. அதைக் காப்பதற்கான செலவு மாதந்தோறும் எழுகிறது. ஆகவே, சிக்கனத்தின் கத்தரி முதலில் விழுவதும் அங்கேதான்.

2023 டிசம்பர் 28ஆம் நாள், வர்த்தூர் பகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஒன்பது வயதுச் சிறுமி உயிரிழந்தாள். மின்கசிவே காரணம் என்று விசாரணையில் காவல்துறை தெரிவித்தது. 2024 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத் தலைவரும், குளப் பராமரிப்புடன் தொடர்புடைய பணியாளர்களும் உள்ளிட்ட ஏழு பேர் கைது செய்யப்பட்டனர். குற்றம் எவருடையது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். ஆயினும், அந்தப் பட்டியல் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறது. நிர்வாகத்தின் மேல்படியில் இருப்பவரையும் குளக்கரையில் கடைசிப் படியில் இருப்பவரையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்கும். பொறுப்பு இவ்வாறு பகிரப்படும்போது, பயிற்சியும் ஊதியமும் மட்டும் பகிரப்படாமல் இருப்பது எப்படி முறையாகும்?

உலக அளவில் 2021ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் இதற்கென ஒரு செயல்திட்டக் கட்டமைப்பை வெளியிட்டது.

நாற்காலியில் அமர்வதும் வேலையே

உயிர்காப்பாளர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது நம்மில் பலருடைய எண்ணம். "சும்மாதானே இருக்கிறார், செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றட்டும்" என்று எங்கள் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னதுண்டு. அவருடைய வேலை என்ன என்பதை அறியாததால் எழும் பேச்சு அது.

நீரில் மூழ்குபவர் திரைப்படங்களில் காட்டுவதுபோலக் கையசைத்துக் கூவுவதில்லை. மூச்சுக்காகப் போராடும் உடலுக்குக் குரல் எழுப்ப நேரமிராது. கைகள் நீரை அழுத்தும்; தலை பின்னோக்கிச் சாயும்; வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகச் செல்லும். 20 முதல் 60 வினாடிகளுக்குள் இந்தப் போராட்டம் ஓய்ந்துவிடும். அருகில் நிற்பவருக்குக் குழந்தை விளையாடுவது போலவே தோன்றும். மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மீளாத பாதிப்பு தொடங்கக்கூடும். இதனால்தான் உயிர்காப்புத் துறையில் "பத்து - இருபது" என்றொரு அளவுகோல் புகழ்பெற்றது. தம் கண்காணிப்புப் பகுதியில் ஆபத்தில் இருப்பவரைப் பத்து வினாடிகளுக்குள் அடையாளம் காண வேண்டும். அடுத்த இருபது வினாடிகளுக்குள் அவரை எட்ட வேண்டும். இந்தக் கணக்கில் மோட்டார் அறைக்கு இடமில்லை.

இடையறாமல் நீர்ப்பரப்பை நோக்கிக்கொண்டிருக்கும் கண், நேரம் செல்லச் செல்லச் சோர்வடைகிறது. நன்கு நிர்வகிக்கப்படும் குளங்களில் அரை மணிக்கொரு முறை உயிர்காப்பாளர்களின் இடத்தை மாற்றுவதும் ஓய்வளிப்பதும் அதனால்தான். வார விடுப்பின்றித் தினமும் பன்னிரண்டு மணி நேரம் பணிபுரிபவரின் கண்கள் திறந்திருக்கலாம். அவர் பார்க்கிறார் என்று கொள்ள முடியாது.

அதேபோல், நீச்சல் கற்பிப்பவரும் உயிர்காப்பாளரும் ஒரே நேரத்தில் ஒருவராகவே இருத்தல் இயலாது. ஒரு குழந்தைக்குக் கைவீச்சைத் திருத்திக் கொண்டிருப்பவரால் மற்ற குழந்தைகளைப் பார்க்க முடியாது. சேமிப்புக்காக இரு பணிகளையும் ஒருவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நம் குடியிருப்புகளில் பரவலாக உள்ளது.

பயிற்சி என்பது எது?

நீந்தத் தெரிவது உயிர்காப்புப் பயிற்சியின் நுழைவாயில் மட்டுமே. தத்தளிப்பவர் தம்மைக் காக்க வருபவரைப் பற்றிக்கொண்டு இருவரையும் மூழ்கடிப்பது உண்டு. மிதவை வளையத்தை எறிவது, நீண்ட கழியை நீட்டுவது ஆகியவற்றை முதலில் முயன்று, இறுதி வழியாகவே நீரில் இறங்க வேண்டும் என்பது பயிற்சியின் முதற்பாடம். கழுத்தெலும்பில் அடிபட்டவரை அசைவின்றிக் கரையேற்றுவது அடுத்த பாடம்.

கரையேற்றிய பின் செய்ய வேண்டியவற்றில்தான் நம்மவரின் தவறான நம்பிக்கைகள் மிகுதி. வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் பொன்னான நேரத்தை வீணடிக்கும்; உணவு மூச்சுக்குழாயில் புகவும் வழிவகுக்கும். நீரில் மூழ்கி மூச்சற்றிருப்பவருக்கு முதல் தேவை மூச்சு. வாய்வழி மூச்சளித்தலுடன் தொடங்கி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் மார்பை அழுத்தி, முப்பது அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடர வேண்டும். படித்தறிந்தால் மட்டும் போதாது. கை மறந்துவிடாதபடி அடிக்கடி பழக வேண்டும்.

குளத்தின் பிற பணியாளர்களுக்கும் பயிற்சி தேவை. குளோரின் சேர்ந்த பொருளை அமிலத்துடன் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். இரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே அளவைக் குவளையுடன் வைத்திருக்கும் குளங்கள் உண்டு. மருந்தை நீரில் சேர்க்க வேண்டுமேயன்றி, மருந்தின்மேல் நீரை ஊற்றலாகாது. நீரின் பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும். குளத்தின் மிக ஆழமான பகுதியில் தரை தெளிவாகத் தெரியாவிடில் அன்று குளத்தைத் திறக்கக் கூடாது. நீருக்கடியில் உள்ள விளக்குகள் 12 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும். மின்சுற்றில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வர்த்தூரின் துயரத்துக்குப் பின் இவற்றை எவரும் நுணுக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

இப்பயிற்சிகளை அளிக்க நம் நாட்டில் அமைப்புகள் இருக்கின்றன. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி, 1891இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ராயல் லைஃப் சேவிங் சொசைட்டியின் மரபில் இயங்குவது. கோவாவில் மத்திய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. தேசியத் திறன் மேம்பாட்டுக் கட்டமைப்பிலும் குளம், கடற்கரை உயிர்காப்பாளருக்கெனத் தகுதிநிலை வகுக்கப்பட்டுள்ளது. சான்றிதழ் பெற்றதோடு முடிந்துவிடுவதில்லை. குறித்த காலத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் நாள்களைப் பணிநாள்களாகக் கருதுவதும், பயிற்சிக் கட்டணத்தை ஊதியத்தில் பிடிக்காமல் அமர்த்துபவரே ஏற்பதும் முறையான நடைமுறைகள்.

இருபதாயிரம் ரூபாயின் உண்மை விலை

இனி, அந்தக் கோப்புக்கு வருவோம். ஓர் உயிர்காப்பாளருக்கு மாதம் 20,000 ரூபாய் ஊதியம் என்று எடுத்துக்கொள்வோம். இது கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. அந்தந்தக் காலத்தில் மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்துடன் அதை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். அவருக்காக அமர்த்துபவர் ஏற்க வேண்டிய மாதச் செலவு இவ்வாறு அமைகிறது:

ஊதியம்: ரூ. 20,000
வருங்கால வைப்பு நிதி, நிர்வாகக் கட்டணம், காப்பீடு (ரூ. 15,000 உச்சவரம்பில் 13 சதவீதம்): ரூ. 1,950
தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ. (3.25 சதவீதம்): ரூ. 650
போனஸ் (8.33 சதவீதம்): ரூ. 1,666
பணிக்கொடைக்கான ஒதுக்கீடு: ரூ. 962
ஊதியத்துடன் கூடிய ஈட்டிய விடுப்பு: ரூ. 1,000
வார விடுப்பு நாள்களில் மாற்றுப் பணியாளர்: ரூ. 3,077

கூட்டுத்தொகை 29,305 ரூபாய். ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணம் பத்து சதவீதம் எனில் 32,235. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர, ஏறத்தாழ 38,000 ரூபாய்.

நான் ஏற்றுக்கொண்ட விலைப்புள்ளியோ 24,000. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். வரியையும் சேவைக் கட்டணத்தையும் கழித்தால் எஞ்சுவது சுமார் 18,500. சட்டப்படியான பங்களிப்புகளையும் மாற்றுப் பணியாளர் செலவையும் அதிலிருந்தே செலுத்தினால், உயிர்காப்பாளரின் கைக்கான ஊதியம் 12,000 ரூபாயைச் சற்றே தாண்டும். பெங்களூரில் ஒரு தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரிய ஊதியம் அதுவன்று. ஆகவே, அந்த விலைப்புள்ளியில் ஏதோ ஒன்று விடுபட்டே ஆக வேண்டும். வைப்பு நிதி விடுபடலாம், வார விடுப்பு விடுபடலாம், பயிற்சி விடுபடலாம். எங்கள் குளத்தில் மூன்றும் விடுபட்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு தாளும் பேனாவும் பத்து நிமிடமுமே. கையொப்பமிடுவதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள். இரு பணிமுறைகளுக்கு இரண்டு உயிர்காப்பாளர்கள். ஒருவருக்கு 14,000 வீதம் கூடுதல் செலவு 28,000 ரூபாய். வீடு ஒன்றுக்கு மாதம் 140 ரூபாய். பயிற்சிக்கும் மிதவை, முதலுதவிப் பெட்டி போன்றவற்றுக்கும் இன்னொரு பத்து ரூபாய் சேர்த்தால் 150. ஒரு குடும்பம் ஞாயிறு காலையில் தர்ஷினியில் சிற்றுண்டி உண்ணும் செலவைவிடக் குறைவு.

"அது ஒப்பந்ததாரரின் பாடு" எனலாமா?

"ஊதியம் ஒப்பந்ததாரருக்கும் அவருடைய ஆளுக்கும் இடையிலான விஷயம், நமக்கென்ன?" என்பது பொதுக்குழுவில் எழுந்த முதற்கேள்வி. சட்டம் அவ்வாறு கருதவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, ஊதியத்தை உரியவாறு வழங்கத் தவறினால் நிறுவனத்தின் உரிமையாளரான கம்பெனி, கூட்டு நிறுவனம், சங்கம் ஆகியவற்றுக்கு அந்தப் பொறுப்பு உண்டு என்கிறது. மாத ஊதியம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும். ஊதியச் சீட்டு தரப்பட வேண்டும். மிகைநேரப் பணிக்கு இயல்பான ஊதியத்தைப் போல் இரு மடங்கு தர வேண்டும். இவற்றை அறியாதிருந்தோம் என்பது தணிக்கையில் ஏற்கப்படும் விடையாகாது.

சட்டத்தை ஒரு புறம் வைத்தாலும், ஒப்பந்த முறையின் இயல்பான இடர் ஒன்று உண்டு. 2012 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஹாலண்டேல் கடற்கரையில், தமக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே தத்தளித்த ஒருவரைக் காக்க ஓடிய உயிர்காப்பாளரை, அவரை அமர்த்தியிருந்த தனியார் நிறுவனம் பணிநீக்கம் செய்தது. அதை எதிர்த்துச் சக பணியாளர்களும் வேலையிழந்தனர். கண்டனம் வலுத்த பின்பே நிறுவனம் அவரை மீண்டும் அழைத்தது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எல்லை, நீரில் போராடும் மனிதருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தத்தை எழுதும்போதே மனித உயிரை மையமாக வைத்து எழுத வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

கோவா கடற்கரைகளில் 2008 முதல் தனியார் நிறுவனம் வழியாக உயிர்காப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். ஏராளமான உயிர்களை அவர்கள் காத்துள்ளனர். அவர்களே பணிப் பாதுகாப்பையும் நியாயமான ஊதியத்தையும் கோரிப் பலமுறை போராடவும் நேர்ந்தது. நியூயார்க் நகரம் உயிர்காப்பாளர் பற்றாக்குறையால் தவித்தபோது, 2022இல் மணிக்கு 19.46 டாலராகவும், பின்னர் அதற்கு மேலாகவும் ஊதியத்தை உயர்த்தியது. பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமாயின் ஊதியம் அவரை நிறுத்த வேண்டும் என்பதை அப்பெருநகரம் செலவு செய்து கற்றுக்கொண்டது. ஒவ்வொரு கோடைக்கும் புது ஆளை அமர்த்தும் குளத்தில், எந்தக் குழந்தைக்கு நீந்தத் தெரியும், எந்தக் குழந்தைக்கு வலிப்பு நோய் உண்டு என்பதை அறிந்தவர் எவரும் இருக்கமாட்டார்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

எங்கள் அனுபவத்திலிருந்து சில நடைமுறைகளைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, விலைப்புள்ளி கோரும்போதே ஊதியம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., போனஸ், மாற்றுப் பணியாளர், சேவைக் கட்டணம், வரி ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுமாறு கேளுங்கள். ஒப்பந்ததாரர்கள் சேவைக் கட்டணத்தில் மட்டும் போட்டியிடட்டும். தொழிலாளியின் ஊதியத்தில் போட்டி வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு மாதமும் பில்லுக்குப் பணம் வழங்கும் முன், முந்தைய மாதத்தின் வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டுகளைக் கேட்டு, உங்கள் குளத்தில் பணியாற்றுபவரின் பெயர் அவற்றில் உள்ளதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் சீட்டு இருப்பது போதாது. ஆளின் பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊதியம் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வங்கிக் கணக்கின் பதிவு தொழிலாளிக்கு மட்டுமன்றி, நேர்மையான ஒப்பந்ததாரருக்கும் சான்றாகும்.

நான்காவது, குளம் திறந்திருக்கும் நேரத்தில் உயிர்காப்பாளருக்கு வேறெந்தப் பணியும் கிடையாது என்று எழுதுங்கள். துப்புரவும் மருந்திடுதலும் குளம் மூடியிருக்கும் நேரத்துக்குரியவை. உயிர்காப்பாளர் இல்லாத நேரத்தில் வாயிற்கதவு பூட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, சான்றிதழின் நகலைக் கோப்பில் வையுங்கள். அது காலாவதியாகும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். மாதம் ஒரு முறை ஒத்திகை நடத்துங்கள். அதில் காவலாளிகளும் குடியிருப்பவர்களும் கலந்துகொள்ளலாம்.

பணியாளர்களுக்கும் சில சொற்கள். உங்கள் வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். கைபேசியிலேயே இருப்பைப் பார்க்கலாம். எங்கள் கிளைகள் எதிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் குறைந்தபட்ச இருப்பின்றித் தொடங்கலாம். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. சேரும் வயது 18 முதல் 50 வரை. 40 வயதுக்குட்பட்டவர்கள் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் இணைந்து, 60 வயதுக்குப்பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை ஓய்வூதியம் பெறலாம். வருமான வரி செலுத்துவோர் மட்டும் இதில் சேர இயலாது. இவை சட்டப்படியான வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் மாற்று அல்ல; அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய கூடுதல் பாதுகாப்பு.

பொதுக்குழுவில் நடந்தது

பொதுக்குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் அச்சிட்டு வழங்கினேன். அதன் தலைப்பில், குறைந்த விலைப்புள்ளியைப் பரிந்துரைத்தவன் நானே என்பதையும் எழுதியிருந்தேன். விவாதம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. குளத்தையே மூடிவிடலாம் என்றனர் சிலர். எங்கள் வீட்டில் எவரும் நீந்துவதில்லை, நாங்கள் ஏன் தர வேண்டும் என்றனர் வேறு சிலர். மின்தூக்கியைப் பயன்படுத்தாத தரைத்தள வீட்டினரும் அதன் பராமரிப்பில் பங்கேற்கின்றனர் என்று ஒரு முதியவர் எழுந்து சொன்னார். மே மாதத்தில் சிறுவனைக் கரையேற்றிய தாய் அதுவரை பேசவில்லை. இறுதியில் அவர் கேட்டது ஒன்றே: "அன்று நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்?"

தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக அன்று, பெரும்பான்மையாக.

உயிர்காப்பாளரை நாங்கள் நீக்கவில்லை. புதிய ஒப்பந்தத்தின்படி சங்கச் செலவில் அவர் பயிற்சிக்குச் சென்று சான்றிதழுடன் திரும்பினார். முதல் மாத ஒத்திகையில் பயிற்சிப் பொம்மையின் மார்பை அழுத்திக்கொண்டே உரக்க எண்ணிய அவரைச் சுற்றிக் குழந்தைகள் நின்று, அவருடன் சேர்ந்து முப்பது வரை எண்ணினார்கள். வார விடுப்பில் அவருக்குப் பதிலாக வரும் மற்றொருவரும் சான்றிதழ் பெற்றவரே.

அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை, வீடு திரும்பும்போது குளக்கரையில் அவரைச் சந்தித்தேன். ஊதியம் ஏழாம் தேதிக்குள் கணக்கில் வந்ததா என்று கேட்டேன்.

"ஐந்தாம் தேதியே வந்துடுச்சு சார். நாளைக்கு எனக்கு லீவு. ராத்திரி பஸ்ஸுல ஊருக்குப் போறேன்" என்றார்.

பேசும்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண்கள் குளத்தின் மீதே இருந்தன. மேலும் பேச்சுக் கொடுக்காமல் நான் வீட்டை நோக்கி நடந்தேன்.